பூம்புல் என்று சொன்னேன்

ஜனவரி 11, ஞாயிறு

ஆசிரியர் சங்கத்தில் கொடுத்த டைரி பத்து நாளாக மேசை மேல் கிடந்தது. இன்றுதான் முதல் பக்கத்தை நிரப்பினேன். பெயர்: ஜெயசீலி. வேலை: மேல்நிலை வகுப்புத் தாவரவியல் ஆசிரியை. ஊர்: கொடைக்கானல். ரத்த வகை எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

காலையில் உறைபனி. பூசைக்குக் கிளம்பும்போது கொட்டகையில் துரை இருமுவது கேட்டது. எங்கள் இரண்டு குதிரைகளில் அதுதான் வயதானது, சாது. ஏரிச் சாலையில் சின்னப் பிள்ளைகளைச் சவாரி ஏற்ற வேண்டுமென்றால் என் கணவர் துரையைத்தான் கொண்டுபோவார்.

"பனிக்கு இருமுது சீலி. வெயில் ஏறுனா சரியாயிரும்" என்றார்.

வெயில் ஏறிய பிறகும் இருமியது. மாதிரித் தேர்வுத் தாள் நாற்பத்து மூன்று இருக்கிறது. பன்னிரண்டு திருத்தினேன்.

ஜனவரி 17, சனி

குதிரைச் சங்கத்துக்காரர்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். சவரிமுத்துவின் குதிரைகள் இரண்டும் இருமுகின்றன. அழகருடையது மேட்டில் ஏற மாட்டேன் என்று பாதியில் நின்றுவிடுகிறதாம். எல்லோரும் காஜாமைதீனைச் சொல்கிறார்கள். அவர் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பழனிப் பக்கமிருந்து ஒரு செம்பழுப்புக் குதிரை வாங்கி வந்தார். அது கொண்டுவந்த நோய்தான் என்பது அவர்கள் பேச்சு.

காஜாவும் வந்திருந்தார். ஏதோ சொன்னார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் சரியாகக் கேட்கவில்லை. நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 24, சனி

கால்நடை டாக்டர் தமயந்தி வந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முப்பது வயது இருக்கும். துரையின் விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எங்கள் இன்னொரு குதிரை சாந்தியின் விலாவில். சாந்தி இருமவே இல்லை, இருந்தும் கேட்டார்.

"தீவனம் என்ன போடுறீங்க?"

"கொள்ளு, வைக்கோல். அப்புறம் சரிவுல கெடக்குற வெள்ளப்பூச் செடி. அறுத்துப் போட்டா ஆசையாத் திங்கும். டீச்சர்தான் பாத்துச் சொன்னாங்க, ஒண்ணும் செய்யாதுன்னு" என்றார் அவர். வெளியாள் முன்னால் என்னை டீச்சர் என்றுதான் சொல்வார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

போன மாசி மாதம் மலைப்பாதையில் வேலை நடந்து வைக்கோல் லாரி வராமல் போனபோது சொன்னது அது. ஆளுயரத்துக்கு வளர்ந்து சரிவையே மூடிக் கிடக்கும் செடி. சங்கத்துக்காரர்கள்தான் எங்கள் வாசலில் வந்து கூடிக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் சொன்னேன், ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். 'பூம்புல் வகை போலத் தெரிகிறது' என்று எழுதியதாகத்தான் ஞாபகம். பூம்புல் பேரளவில்தான் புல், வெள்ளைப் பூப் பூக்கும் செடி; அதை எங்கள் அம்மா வீட்டில் ஆடுகள் தின்னும். ஒன்றும் ஆனதில்லை.

டாக்டருக்குச் சந்தேகம் கிளாண்டர்ஸ் என்ற நோய் மேல். குதிரையிலிருந்து மனிதனுக்கும் தொற்றுமாம். இருக்கிறது என்று முடிவு வந்தால் சட்டப்படி குதிரையைக் கொன்று புதைக்க வேண்டும். பத்தொன்பது குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்து வடக்கே அனுப்புகிறார்கள். முடிவு வரும்வரை ஏரிச் சாலையில் சவாரி கிடையாது.

என் கணவர் இரவு சாப்பிடவில்லை. கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காஜாவின் கொட்டகைத் தகரங்களைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு குதிரைகளோடும் பெருமாள்மலைக்குப் போய்விட்டாராம், அங்கே மச்சான் வீடு இருக்கிறது.

"நீங்களும் போனீங்களா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"சும்மா நின்னேன். எதையும் தொடல."

சாப்பிடக் கை கழுவும்போது பார்த்தேன். உள்ளங்கை முழுக்கத் துரு.

பிப்ரவரி 11, புதன்

செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளர் நல்ல மனிதர், மதியமே கிளம்பிவிட்டார். பிள்ளைகள் செடிகளைக் காய வைத்து ஒட்டிக் கொண்டுவரும் ஹெர்பேரியம் தாள்களுக்கு மதிப்பெண் போடும் வேலை எனக்கு.

மன்னவனூர்ப் பிள்ளை செண்பகவல்லி, சரிவில் வளரும் அந்த வெள்ளைப்பூச் செடியை ஒட்டிவந்திருந்தாள். அழகாகக் காய வைத்திருந்தாள். குடும்பம் ஆஸ்டரேசி, சரி. பெயர் மட்டும் அஜெரட்டினா அடினோபோரா என்று எழுதியிருந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்து மலைகளில் பரவிய களை என்றும் கீழே ஒரு வரி.

"போனைப் பாத்து எழுதுனியா?"

"போன்லயும் பாத்தேன் மிஸ். ஆனா தண்டு கையில ஒட்டுது மிஸ். பூம்புல்லுன்னா ஒட்டாதுல்ல. அது இம்புட்டு ஒசரமும் வளராது."

இது தேர்வு அறை, அதிகம் பேசக் கூடாது என்றேன். போனை நம்பிப் பெயர் எழுதும் பழக்கத்தை வளர்க்கக் கூடாது. இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

தலைவலி. சீக்கிரம் படுத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவர் சங்கத்துக்குப் போயிருந்தார். சரிவில் இறங்கி ஒரு கிளை ஒடித்து வந்தேன். ஊதா நிறத் தண்டு. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. இலை கொத்துக்கரண்டி வடிவம், ஓரமெல்லாம் பல். பூக்கொத்தில் முதிர்ந்த தலை ஒன்றைப் பிரித்து விதைகளை வெள்ளைத் தாளில் தட்டி லென்ஸில் பார்த்தேன். பூம்புல்லாக இருந்தால் விதையின் உச்சியில் ஐந்து செதில் இருக்க வேண்டும். இதில் இருந்தது வெள்ளை மயிர்க் கற்றை. நான்கு விதை பார்த்தேன். பிறகு இன்னும் ஆறு.

லென்ஸில் கீறல் இருக்கிறது. அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

கிளையை அடுப்பில் போட்டேன். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் கையில் வாடை போகவில்லை.

பிப்ரவரி 21, சனி

முடிவு வந்துவிட்டது. பத்தொன்பதுக்கும் கிளாண்டர்ஸ் இல்லை. சங்கத்தில் லட்டு கொடுத்தார்களாம், எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். நாளை முதல் சவாரி.

"அப்ப காஜாவ வரச் சொல்லலாம்ல?" என்று கேட்டேன்.

"அது வேற விசயம்" என்றார்.

துரை இன்று அவ்வளவாக இருமவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் வேகமாக இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

சவரிமுத்துவின் குதிரை செத்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போகிற வழியில் முன்னங்கால் மடிந்து விழுந்ததாம்.

மாலையில் டாக்டர் தமயந்தி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அறுத்துப் பார்த்திருக்கிறார்.

"நுரையீரல் கையில எடுத்தா பஞ்சு மாதிரி இருக்கணும் டீச்சர். இது ரப்பர் மாதிரி கெட்டியா இருக்கு. தொத்து நோய் மாதிரி தெரியல. ரொம்ப நாளா உள்ள போன ஏதோ ஒண்ணு." பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்தார். அதே செடி, பூவோடு. "இது சவரிமுத்து கொட்டகையில கெடந்துச்சு. நீங்க எழுதிக் குடுத்த தாளும் அங்க ஒட்டியிருக்கு. எனக்குச் செடியெல்லாம் தெரியாது. இந்த ஊர்ல இதைப் பாத்துச் சொல்ல உங்களை விட்டா ஆள் இல்ல. என்ன செடின்னு சரியா சொன்னீங்கன்னா மேற்கொண்டு என்ன பண்ணலாம்னு நான் தேடிப் பாக்குறேன்."

அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். காட்டினார். என் கையெழுத்துத்தான். 'இது பூம்புல். குதிரைக்குக் கொடுக்கலாம்.' 'போல' என்ற சொல் இல்லை.

பார்த்துச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

மார்ச் 3, செவ்வாய்

டாக்டர் போன் செய்தார். பூம்புல்தான் என்று சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

மதியம் பொதுத் தேர்வுக் கண்காணிப்பு. ஒரு பிள்ளைக்குப் பேனா தீர்ந்துபோனது. என்னுடையதைக் கொடுத்தேன்.

மார்ச் 5, வியாழன்

இனிமேல் நம் குதிரைகளுக்கு அந்தச் செடி வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். யாரோ சரிவில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள், இலை கருகியிருக்கிறது என்றேன்.

"அப்ப மத்தவங்களுக்கும் சொல்லணும்ல?"

"நம்ம சரிவுல மட்டுந்தான்."

அவர் அரிவாளை எடுத்துக் கூரையில் செருகினார். வைக்கோல் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

தேர்வு வேலை. விசேஷம் ஒன்றுமில்லை. அழகரின் குதிரையும் போய்விட்டது.

மார்ச் 14, சனி

பள்ளியில் நெட் கிடைத்தது. செண்பகவல்லி எழுதிய அந்தப் பெயரைப் போட்டுத் தேடினேன். ஆஸ்திரேலியாவிலும் வேறு சில மலை நாடுகளிலும் குதிரைகள் இதைத் தின்று செத்திருக்கின்றன. மாடு அவ்வளவாகத் தொடாது, குதிரை விரும்பித் தின்னும். பூத்திருக்கும்போது விஷம் அதிகம். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகும். தின்பதை நிறுத்தினாலும் கெட்டது திரும்பாது. மருந்து இல்லை. அப்படிப்பட்ட குதிரை வேலை செய்யும்போது திடீரென்று விழுந்து சாகலாம், ஆகவே மேலே ஆள் ஏறக் கூடாது.

கடைசி வரியை மூன்று முறை படித்தேன். கணினியை அணைத்துவிட்டு வந்தேன். துரை அப்போது ஏரிச் சாலையில் சவாரியில் இருந்தது.

இரவு சாப்பாட்டில், துரைக்கு வயதாகிவிட்டது, இந்த சீசனுக்கு வேண்டாமே என்றேன்.

"பிள்ளைங்களுக்கு அது ஒண்ணுதான் தோது. ஏன், எதுவும் தெரிஞ்சு சொல்றியா?"

இல்லை என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

திருப்பூரிலிருந்து வந்த குடும்பம். ஏழு வயதுப் பெண் பிள்ளை, சஹானா. ஏரியைச் சுற்றிவரும் வழியில் அந்தச் சின்ன மேடு இருக்கிறதே, அங்கே. அவர் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்துகொண்டிருந்தார். துரை நின்றதாம். தட்டிக்கொடுத்திருக்கிறார். இரண்டடி வைத்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து செத்துவிட்டது. பிள்ளையின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

தொடை எலும்பு முறிவு. மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாள், ஆனால் அறுவை சிகிச்சை வேண்டும் என்றார்களாம்.

பிள்ளையின் அப்பா இவரை அறைந்திருக்கிறார். இவர் கையைக்கூடத் தூக்கவில்லையாம். சட்டையெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பரிசோதனையில நல்லாயிருக்குன்னு வந்த குதிரை சீலி. நல்லாயிருக்குன்னு தானே வந்துச்சு."

மார்ச் 23, திங்கள்

விடுப்பு சொல்லிவிட்டுக் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் தமயந்தி ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன். செடியின் பெயர், அது என்ன செய்யும், என்ன செய்ய முடியாது, எல்லாம். குறித்து வைத்திருந்த தாளையும் கொடுத்தேன்.

அவர் தாளை இரண்டு முறை படித்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"எப்ப தெரியும் டீச்சர்?"

"போன வாரந்தான் படிச்சேன்."

"செடி இதுதான்னு எப்ப தெரியும்?"

பிப்ரவரி பதினைந்து என்றேன்.

"நான் மூணாந்தேதி கேட்டேன்" என்றார். உடனே போனை எடுத்து ஒவ்வொரு குதிரைக்காரராகக் கூப்பிட ஆரம்பித்தார். இன்று முதல் அந்தச் செடியைப் போடாதீர்கள், யாரையும் ஏற்றாதீர்கள். ஒவ்வொருவரும் அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "டீச்சரே வந்து சொல்லுவாங்க" என்று பதில் சொன்னார். பதினோரு முறை சொன்னார்.

பதினைந்து என்றது சரியில்லை. பதினொன்று என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தண்டு ஒட்டுகிறது என்று சொன்னபோதே தெரியும்.

என் கணவரிடம் மாலையில் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனார். கட்டிலையும் அங்கேயே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் சங்கக் கூட்டம். நின்றுகொண்டே பேசினேன். போன வருஷம் எந்தச் செடியென்று இறங்கிப் பார்க்காமல், வாசலில் நின்றபடியே பெயர் சொன்னேன் என்றேன். அதுதான் நடந்தது. நீங்கள் சரிவைக் கைகாட்டிக் கேட்டீர்கள், நான் கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

யாரும் திட்டவில்லை. சவரிமுத்து கேட்டார்: "இருக்குற இன்னொண்ணு பொழைக்குமா டீச்சர்?"

"மருந்து இல்லண்ணே. வேலை வாங்காம வச்சிருந்தா கொஞ்ச நாள் இருக்கலாம்."

"கொஞ்ச நாள்னா?"

தெரியாது என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அழகரின் மனைவி மட்டும் வாசலில் நின்று, "எம் மக உங்ககிட்ட படிக்கிறா. இனிமே அவகிட்ட நான் என்னா சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மண்டபத்தில் கடைசியாக இருந்தது நானும் என் கணவரும். அவர் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கிளம்பினார்.

மதுரைக்குப் போன் செய்தேன். சஹானாவின் காலில் தகடு வைத்திருக்கிறார்கள். குதிரைக்காரர் மேல் தப்பில்லை, எல்லாம் என் மேல்தான் என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். யார் பேசுவது என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 4, சனி

பெருமாள்மலைக்குப் பஸ்ஸில் போனேன். காஜாமைதீன் காய்கறி மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலையில் சாக்கு. என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். சொன்னேன்.

"கேள்விப்பட்டேன் டீச்சர். தமயந்தி டாக்டர் வந்து எங் குதிரைகளப் பாத்துட்டுப் போனாங்க. ரெண்டும் சுத்தமா இருக்கு. அந்தக் கூட்டத்துக்கு நான் வரல, உங்க தாளும் எங்கிட்ட கெடையாது. அந்தச் செடியத் தொடவே இல்ல, எப்பயும் போல வெறும் புல்லுதான் அறுத்துப் போட்டேன். ஆனா குதிரை இப்ப எங்கிட்ட இல்ல. கல்யாண ஊர்வலத்துக்குன்னு வந்து கேட்டாங்க, வித்துட்டேன்."

"திரும்ப வந்துருங்க. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"தகரத்தப் பிரிச்சது கூட பரவால்ல டீச்சர்." சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் மடித்தார். "ஜனவரில உங்க வாசல்ல வச்சு உங்களத்தான் கேட்டேன். டீச்சர், எங் குதிரை வர்றதுக்கு முந்தி தீபாவளிக்கே துரை இருமுச்சே, நீங்ககூட எங்கிட்ட சொன்னீங்களே, இவங்களுக்குச் சொல்லுங்கன்னு கேட்டேன். எல்லாரும் உங்க மூஞ்சியத்தான் பாத்தாங்க. நீங்க டீ போடுறேன்னு உள்ள போயிட்டீங்க."

ஆமாம். அப்படித்தான் நடந்தது. அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசவில்லை. அவர் ஒருவர்தான் பேசினார். மற்றவர்கள் அமைதியாக இருந்தார்கள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அதை நான் அன்றைக்கு எழுதவில்லை.

மண்டியில் அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

சாந்தி மூன்று நாளாகப் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு கிடைக்காது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கழுத்தை நீட்டி, மூக்குத் துவாரம் இரண்டும் விரிய, கால்களை அகல வைத்து நிற்கிறது. காலையில் டாக்டர் தமயந்தி வந்து விலாவைப் பார்த்து மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

"இதுக்கு மேல வச்சிருக்கக் கூடாதுண்ணே" என்றார் அவரிடம்.

அவர் தலையாட்டினார். பொக்லைன் வைத்துச் சரிவின் அடியில் குழி தோண்டியிருந்தார்கள். துரைக்குப் பக்கத்தில். அவர் சாந்தியை மெதுவாக, நாலடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி, அங்கே கூட்டிப்போனார். நான் வாசலிலேயே நின்றேன்.

பதினேழு நாளாக அவர் என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைத்துவிடுவார். இன்று சரிவிலிருந்து கூப்பிட்டார்.

"சீலி, இங்க வா."

போனேன். கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"நீ புடிச்சுக்க. ஊசி போடுறப்ப யாராச்சும் மூஞ்சிகிட்ட நிக்கணுமாம். என்னால முடியாது."

சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் மேலே சாலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை நான் எந்தக் குதிரையின் கயிற்றையும் பிடித்ததில்லை, அது அவர் வேலை. எப்படிப் பிடிப்பது என்று டாக்டர் காட்டினார். தாடைக்குக் கீழே, கையைத் தளர்த்தாமல். சாந்தி நின்று நின்று களைத்துப்போயிருந்தது. தலையை என் தோளில் இறக்கிவைத்தது. அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதன் மூச்சு என் காதுக்குள் ரம்பம் இழுப்பதுபோல் போய்ப் போய் வந்தது.

டாக்டர் கழுத்தில் நரம்பைத் தேடிக்கொண்டே, "பேசுங்க டீச்சர். மனுச சத்தம் கேட்டா பயப்படாது" என்றார்.

அதன் பெயரைச் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். சாந்தி கால் மடிந்து மண்ணில் சாய்ந்து, அந்த மூச்சு நின்ற பின்னும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு டாக்டர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, "போதும் டீச்சர்" என்றார்.